மாற்றும் முன் ஆராய்வோம்

பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுன் நகரில் லெபோ பாசார், லெபோ குயின், லெபோ பினாங் ஆகிய தெருக்களைச் சுற்றி அமைந்துள்ளது லிட்டில் இந்தியா. புடவைக் கடைகளும் நகைக் கடைகளும் பூக்கடைகளும் நிறைந்த இப்பகுதியில் நிழற்படக் கலைஞர்களுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. 1833இல் எழுப்பப்பட்ட ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயம் இங்குதான் உள்ளது. தைப்பூசத்தின்போது இரதங்கள் தண்ணீர்மலையை நோக்கிப் புறப்படுவதும் இங்கிருந்துதான். ஒரு திருமணத்திலோ திருவிழாவிலோ எடுக்கப்படும் படங்கள் ஆயிரத்தைத் தாண்டிவிடும். அவற்றைத் தேர்ந்தெடுத்து, ஒளியையும் நிறத்தையும் சரிசெய்து, குறித்த நாளில் கொடுக்க வேண்டும். அந்த நேரத்தில் பழைய கணினி திணறினால் சொன்ன சொல்லைக் காப்பாற்ற முடியாது. கடையின் நற்பெயரும் கெடும்.

“கணினிக்கு வயதாகிவிட்டது, புதியது வாங்குங்கள்” என்பதே இதற்குப் பலரும் கூறும் தீர்வு. இதை நான் முழுமையாக ஏற்கவில்லை. கணினி ஏன் திணறுகிறது என்று அறியாமலேயே அதை ஒதுக்குவது, நோய் இன்னதென்று அறியாமல் மருந்து கொடுப்பதற்கு ஒப்பாகும். முதலில் காரணத்தை ஆராய வேண்டும். சீர்செய்ய முடியுமா என்று பார்க்க வேண்டும். முடியாதபோதுதான் மாற்ற வேண்டும். இதுவே என் கருத்து.

லிட்டில் இந்தியாவின் புடவைக் கடை ஒன்றைக் கற்பனை செய்து பாருங்கள். வாடிக்கையாளருக்குப் புடவைகளை விரித்துக் காட்ட ஒரு மேசை இருக்கும். மற்றவை கடையின் பின்புறச் சேமிப்பறையில் இருக்கும். மேசை சிறியதாக இருந்தால், ஒரு புடவையை எடுக்க இன்னொன்றை மடித்து உள்ளே வைக்க வேண்டும். பணியாளர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும் வேலை தாமதமாகும். கணினியின் நினைவகம் அந்த மேசையைப் போன்றது, வன்தட்டு சேமிப்பறையைப் போன்றது, செயலியே பணியாளர்.

படத்திருத்த வேலைக்கு இந்த மேசை பெரியதாக இருக்க வேண்டும். 24 மெகாபிக்சல் படம் ஒன்றை 16 பிட் தரத்தில் திறந்தால், அது நினைவகத்தில் ஏறத்தாழ 144 மெகாபைட் இடத்தைப் பிடிக்கும். அதன்மேல் அதே அளவில் பத்துப் படலங்களை அடுக்கினால், மேலும் 1,440 மெகாபைட் தேவைப்படும். 4 கிகாபைட் நினைவகம் கொண்ட கணினியில் இயங்குதளமும் இணைய உலாவியும் ஏற்கெனவே பெரும் பங்கை எடுத்துக்கொண்டிருக்கும். இடம் போதாதபோது, கணினி வன்தட்டைத் தற்காலிக நினைவகமாகப் பயன்படுத்தத் தொடங்கும். சுழலும் வன்தட்டோ நினைவகத்தைவிட மிகவும் மெதுவானது. நாம் ‘வயதாகிவிட்டது’ என்று எண்ணும் தாமதத்திற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

இதைக் கண்டறிவது கடினமன்று. படத்தைத் திருத்திக்கொண்டிருக்கும்போதே விண்டோஸ் கணினியின் பணி மேலாளரைத் திறந்து பார்க்கலாம். நினைவகம் நிரம்பியிருந்தால் அதனைக் கூட்டலாம். வன்தட்டு நூறு விழுக்காட்டில் நின்றால், சுழலும் தட்டை நீக்கிவிட்டுத் திடநிலைச் சேமிப்பகத்தைப் பொருத்தலாம். சாதாரண வன்தட்டு நொடிக்கு 100 முதல் 150 மெகாபைட் வரை படிக்கும். சாட்டா வகைத் திடநிலைச் சேமிப்பகமோ 500 மெகாபைட் வரை படிக்கும். தெருவோரக் கடைகளில் விசிறியில் தூசி படிவதும் இயல்பு. காற்று தடைபட்டுச் சூடேறும்போது, செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அத்தகைய கணினிக்குத் தேவை துப்புரவு மட்டுமே.

பழையதையே என்றென்றும் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும் என்று நான் வாதிடவில்லை. சில மடிக்கணினிகளில் நினைவகம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருப்பதால் அதனைக் கூட்ட இயலாது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14ஆம் நாள் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்பு வசதிகள் பல பழைய கணினிகளில் இல்லை. வாடிக்கையாளரின் படங்களைப் பாதுகாப்பற்ற கணினியில் வைத்து இணையத்தில் இணைப்பது பொறுப்பான செயலாகாது. செயற்கை நுண்ணறிவைக் கொண்டு படத்தைத் தெளிவாக்கும் புதிய கருவிகளுக்கும் வலுவான வரைகலைச் செயலி தேவை. இத்தகைய நிலையில் புதிய கணினி வாங்குவது வீண்செலவன்று, தொழிலுக்கான முதலீடு.

ஆனால், காரணமின்றி மாற்றுவதற்கு நாம் கொடுக்கும் விலை பணம் மட்டுமன்று. 2022ஆம் ஆண்டில் உலகில் 62 மில்லியன் டன் மின்கழிவு உருவானதாகவும், அதில் 22.3 விழுக்காடு மட்டுமே முறையாகச் சேகரிக்கப்பட்டு மறுசுழற்சி செய்யப்பட்டதாகவும் ஐக்கிய நாட்டு அமைப்புகளின் அறிக்கை கூறுகிறது. பினாங்கு மக்களாகிய நாம் இதை நன்கு உணர வேண்டும். இன்டெல் நிறுவனம் 1972ஆம் ஆண்டு முதல் இத்தீவில் இயங்கி வருகிறது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் நம் உறவினர்களும் அண்டை வீட்டாரும் வேலை செய்கின்றனர். ஒரு சிறு சில்லை உருவாக்க எவ்வளவு உழைப்பும் நீரும் மின்சாரமும் செலவாகின்றன என்பதை அறிந்த நாம், இன்னும் பயன்தரக்கூடிய ஒன்றைக் குப்பையில் எறியலாமா?

சீர்செய்தாலும் மாற்றினாலும், முதல் வேலை படங்களை வேறொரு சேமிப்பகத்தில் நகலெடுத்து வைப்பதுதான். புதிய கணினியைக் கடையில் வாங்கலாம். பாட்டியின் கடைசிப் பொங்கல் படத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. பழைய கணினியைக் கைவிடும்போது அதிலுள்ள பிறருடைய படங்களை முற்றாக அழித்து, மின்கழிவு சேகரிப்பு மையத்தில் ஒப்படைப்பதும் நம் கடமை.

விரலுக்கேற்ற வீக்கம் வேண்டும் என்பார்கள் நம் முன்னோர். சில நூறு ரிங்கிட்டில் தீரக்கூடிய குறைக்குப் பல ஆயிரம் ரிங்கிட்டைக் கொட்டுவது அந்த அறிவுரைக்கு மாறானது. வேகமான கணினி நமக்குத் தேவைதான். எனினும், அதை வாங்கும் முடிவில் மட்டும் நாம் வேகம் காட்ட வேண்டியதில்லை.