மாநகராட்சி நடத்திய வானொலி

ஒலிபரப்பு என்றால் அது டில்லிக்கே உரியது. மாநிலம் அதில் கை வைப்பது தகாது. இப்படி வாதாடுவோர் இன்றும் உளர். அவர்கள் அறியாததோ, அறிந்தும் மறைப்பதோ, ஒரு வரலாறு உண்டு. அது சென்னையில் நிகழ்ந்த வரலாறு.

1924 மே 16ஆம் நாள், கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால், சென்னை மாகாண வானொலிக் கழகம் அமைந்தது. அவ்வாண்டு ஜூலை 31இல் அதன் குரல் காற்றில் கலந்தது. பம்பாயில் இந்திய ஒலிபரப்புக் கம்பெனி நிலையம் திறந்தது 1927இல்தான்! மூன்றாண்டு முந்தி நின்றது சென்னை. ஆனால் ஆர்வம் இருந்த அளவுக்குப் பணம் இல்லை. 1927இல் கழகம் ஓய்ந்தது.

ஓய்ந்த குரலுக்கு உயிர் தந்தது யார்? சென்னை மாநகராட்சி! கழகத்தின் கருவியைப் பெற்று, 1930 ஏப்ரல் 1 முதல் ஒலிபரப்பை அது தன் பொறுப்பில் நடத்திற்று. நொடித்துப்போன கம்பெனியின் பம்பாய், கல்கத்தா நிலையங்களை இந்திய சர்க்கார் ஏற்றதும் அதே நாளில்தான். சர்க்கார் அங்கே செய்ததை, ஒரு நகரம் இங்கே தானே செய்தது. வானொலிப் பெட்டி வாங்க வகையற்றவனும் இசை கேட்கட்டும் என்று கடற்கரையிலும் பூங்காவிலும் ஒலிபெருக்கி வைத்தது. எளிய கருவிதான், எட்டும் தொலைவும் சிறிதுதான். எனினும் அது ஊராரின் உடைமை.

1938 ஜூன் 16இல் அகில இந்திய வானொலி சென்னையில் நிலையம் திறந்தது. மாநகராட்சியின் ஒலிபரப்பு முடிந்தது. புதிய நிலையம் ஆற்றல் மிக்கது, கலைஞர்களை வளர்த்தது, மறுக்கவில்லை. ஆனால் குரல் பெருத்தபோது உரிமை ஏன் சிறுத்தது? அதுவே நம் கேள்வி.

இங்கே ஒரு வியப்பைக் காணுங்கள். வெள்ளையர் இயற்றிய 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின் 129ஆவது பிரிவு, ஒலிபரப்பி அமைக்க மாகாணம் அதிகாரம் கேட்டால் தக்க காரணமின்றி மறுக்கலாகாது என்றது. நிபந்தனை விதிக்கலாம், ஆனால் மாகாண அரசு எதை ஒலிபரப்புவது என்பதில் நிபந்தனை கூடாது என்றும் வரம்பு கட்டியது. அடிமை நாட்டில் எழுதப்பட்ட ஏட்டில் இருந்த இந்தப் பிரிவு, 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தில் இல்லை! ஒலிபரப்பு முழுவதும் மத்தியப் பட்டியலில் சேர்ந்தது.

விளைவு என்ன? தமிழ்நாடு அரசு, பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல 2019இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கிற்று. 2022 அக்டோபரில் டில்லியிலிருந்து அறிவுரை வந்தது: மாநில அரசுகள் ஒலிபரப்பில் இறங்கக்கூடாது, நடத்துவதையும் பிரசார் பாரதி வழியே நடத்துக என்று. 1930இல் ஒரு மாநகராட்சிக்கு இருந்த தகுதி, மக்கள் வாக்களித்து அமைத்த மாநில ஆட்சிக்கு இல்லையாம்!

அலைவரிசை பொதுமக்களின் சொத்து என்று 1995இல் உச்சநீதிமன்றம் உரைத்தது. அந்தப் பொதுமக்கள் டில்லியில் மட்டுமா வாழ்கிறார்கள்?

நாம் கேட்பது புதுச்சலுகை அன்று. பழைய 129ஆவது பிரிவு ஒப்புக்கொண்ட உரிமை. கட்சிக்குக் கருவியாகாமல், தன்னாட்சி பெற்ற அமைப்பின் கையில், மாநிலத்திற்கும் மாநகருக்கும் ஒலிபரப்பு வேண்டும். நாட்டின் ஒற்றுமை குலையும் என்பார்கள். சென்னை எட்டாண்டுக் காலம் தன் குரலில் பேசியது. எந்த ஒற்றுமை குலைந்தது? தோழர்களே, கேட்போரிடம் இந்தக் கணக்கை எடுத்துச் சொல்லுங்கள்!