சிறிய கழகம் என்னும் தீர்ப்பு

ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தை ஃபூட்டி என்று செல்லப் பெயரிட்டு அழைக்கும் மெல்போர்ன் நகரத்து ஜனங்களிடையே, முப்பது நாற்பது வருஷங்களாக ஓயாமல் வழங்கிவரும் ஓர் அபிப்பிராயம் உண்டு. 18 கழகங்கள் கொண்ட லீக்கில் 9 கழகங்கள் இந்த ஒரே நகரத்தில் அமைந்திருப்பது மிகை என்றும், அவற்றுள் நார்த் மெல்போர்ன், செயின்ட் கில்டா, வெஸ்டர்ன் புல்டாக்ஸ் ஆகிய மூன்றும் போதிய அபிமானிகள் இல்லாத சிறிய கழகங்கள் என்றும், ஆகவே அவற்றில் ஒன்றையாவது வேறொன்றோடு இணைத்துவிடுவதோ வேறு மாநிலத்துக்கு அனுப்பிவிடுவதோதான் விவேகம் என்றும் சொல்கிறார்கள். சொல்பவர்கள் விஷயம் தெரியாதவர்கள் அல்லர். கையில் கணக்கோடுதான் பேசுகிறார்கள். அந்தக் கணக்கையே ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், அது அவர்கள் சொல்லும் முடிவுக்கு இடங்கொடுக்கவில்லை என்பது என் கட்சி.

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். காலிங்வுட் கழகத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட அங்கத்தினர் சந்தா கட்டுகிறார்கள். நார்த் மெல்போர்ன் 50,000 என்ற எல்லையைத் தொட்டதே 2022-இல்தான். இந்த வேற்றுமை மெய்யானது. அதை மறைப்பதால் யாருக்கும் அனுகூலமில்லை. ஆனால் அந்த வேற்றுமை எங்கிருந்து வந்தது, அது என்றும் மாறாததுதானா என்று கேட்காமலே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்களே, அங்கேதான் எனக்கு ஆட்சேபணை.

முதல் வாதம், மைதானத்துக்கு வரும் கூட்டத்தின் சராசரியைப் பற்றியது. ஒரு பருவத்தில் தன் சொந்த ஆட்டங்களுக்கு ஒவ்வொரு கழகமும் எத்தனை பேரைக் கூட்டுகிறது என்று வரிசைப்படுத்தி, பட்டியலின் அடியில் நிற்பவற்றைச் சுட்டிக் காட்டுகிறார்கள். கூட்டம் என்பது அபிமானிகளின் தொகையை மட்டுமே பொறுத்ததாயின் இது நல்ல பிரமாணமாகும். ஆனால் அது நாளையும் வேளையையும் மைதானத்தையும், எதிரே வந்து நிற்கும் கழகத்தையும் பொறுத்ததன்றோ? ஏப்ரல் 25-ஆம் தேதி, போரில் மாண்டவர்களை நாடு முழுவதும் நினைவுகூரும் அன்ஸாக் தினத்தன்று எம்.சி.ஜி. என்னும் மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்தில் நடக்கும் ஆட்டம், 1995 முதல் காலிங்வுட்டுக்கும் எசெண்டனுக்கும் பாத்தியதைப்பட்ட சொத்தைப்போல ஆகிவிட்டது. அன்று 90,000 பேர் கூடுவது சகஜம். அந்த 90,000 பேரையும் சராசரியில் சேர்த்துக்கொண்ட ஒரு கழகத்தை, மறுநாள் பள்ளிக்கூடமும் அலுவலகமும் இருக்கிற ஞாயிற்றுக்கிழமை அந்தி வேளையில், டாக்லாண்ட்ஸ் அரங்கத்தின் கூரைக்கடியில், வேறு மாநிலத்திலிருந்து பறந்து வந்த ஒரு கழகத்தோடு ஆடும் நார்த் மெல்போர்னோடு ஒப்பிடுவது எந்த நியாயத்தில் சேரும்?

நார்த் மெல்போர்ன் 2012 முதல் ஹோபார்ட்டிலும், புல்டாக்ஸ் 2017 முதல் பாலராட்டிலும் தங்கள் சொந்த ஆட்டங்களில் சிலவற்றை ஆடிவந்திருக்கின்றன. வருமானத்துக்காக அவை தாமே ஏற்றுக்கொண்ட ஏற்பாடுதான் இது. ஆனால் அந்த மைதானங்கள் சிறியவை. உழக்கில் படி நெல் கொள்ளவில்லை என்பதற்காக விளைச்சல் குறைவு என்று எந்தக் குடியானவனும் சொல்வதில்லை.

இதில் என்னை மிகவும் வருத்துவது வெள்ளிக்கிழமை இரவின் கதை. வேலை முடிந்து வீடு திரும்புகிற ஜனங்களை வழியிலேயே மடக்கி மைதானத்துக்குள் இழுத்துவிடலாம் என்று கண்டுபிடித்தது எந்தப் பெரிய கழகமும் அன்று. 1985 மார்ச்சில் எம்.சி.ஜி.யின் விளக்கொளியில் காலிங்வுட்டை எதிர்த்து வெள்ளிக்கிழமை இரவின் முதல் லீக் ஆட்டத்தை நடத்தியது நார்த் மெல்போர்ன். அந்த வேளை பொன் விளையும் பூமி என்று தெரிந்த பிற்பாடு, அது படிப்படியாகப் பெரிய கழகங்களின் வசமாயிற்று. உழுது பண்படுத்தியவனோ வரப்புக்கு வெளியே நிற்கிறான். பெரிய வெள்ளியன்று ஆட்டம் கூடாது என்றிருந்த நெடுநாள் வழக்கம் 2017-இல் தளர்ந்தபோது, நார்த் மெல்போர்னும் புல்டாக்ஸும் மோதிய அந்த முதல் ஆட்டத்துக்கு 42,000 பேருக்கு மேல் வந்தார்கள். இரண்டு ‘சிறிய’ கழகங்களே சேர்ந்து, நல்ல நாள் ஒன்று கிடைத்ததும் கூட்டிய கூட்டம் அது.

இரண்டாவது வாதம் அங்கத்தினர் தொகை. இது குலம் கோத்திரம்போல மாறாத ஒன்று என்று எண்ணுகிறவர்கள், ரிச்மண்டின் சரித்திரத்தைச் சற்றுப் புரட்டிப் பார்க்கவேண்டும். 2018-இல் ஒரு லட்சம் அங்கத்தினரைக் கண்ட அதே ரிச்மண்ட், 1990-இல் கடனில் மூழ்கி, புலித்தோலைக் காப்பாற்றுங்கள் என்று பொருள்படும் இயக்கமொன்றைத் தொடங்கி, தெருத்தெருவாக உண்டியல் குலுக்கிப் பத்து லட்சம் டாலர் சேர்த்துத்தான் உயிர்பிழைத்தது. அன்று பட்டியலைப் பார்த்து முடிவெடுத்திருந்தால், லீக்கின் மாபெரும் கழகங்களில் ஒன்று இன்று இராது.

ஹாதார்ன் கதை இன்னும் துலக்கமானது. 1996-இல் ஹாதார்னும் மெல்போர்ன் கழகமும் தனித்தனியே வாழ வலுவற்றவை என்று தீர்மானித்து, இரண்டையும் ஒன்றாக்கத் திட்டமிட்டார்கள். அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம் தற்செயலாக இவ்விரண்டுக்குமே அமைந்தது. வாழ வலுவற்ற அந்த இரண்டையும் காண எம்.சி.ஜி.க்கு 63,000 பேர் வந்தார்கள். ஹாதார்ன் ஒரே புள்ளியில் வென்றது. இரண்டு வாரம் கழித்து ஹாதார்ன் அங்கத்தினர் கூட்டம். மேடையில் பழைய அணித் தலைவர் டான் ஸ்காட், புதிய கழகத்துக்கென்று தைத்த சட்டையை எடுத்து எல்லோரும் காணும்படி தூக்கிப் பிடித்தார். அதன் மார்பில் ஹாதார்னின் அடையாளமாகிய பருந்து இருந்தது. ஒட்டுப்பட்டையால் ஒட்டியிருந்த அந்தப் பருந்தை அவர் சரக்கென்று பிய்த்தெடுத்தார். மீதி நின்றது முழுக்க முழுக்க மெல்போர்ன் கழகத்தின் சிவப்பு நீலச் சட்டை. அதற்குமேல் எந்தப் பிரசங்கமும் வேண்டியிருக்கவில்லை. மெல்போர்ன் அங்கத்தினர் சிறு வித்தியாசத்தில் இணைப்பை ஏற்றார்கள். ஹாதார்ன் அங்கத்தினர் ஏறக்குறைய இருமடங்கு வாக்குகளால் தள்ளினார்கள். அதற்குப் பின் 2008, 2013, 2014, 2015 ஆகிய நான்கு வருஷங்களில் கோப்பையை வென்று, 80,000 அங்கத்தினரைத் தாண்டியிருக்கிறது ஹாதார்ன். ஏற்று வாக்களித்த மெல்போர்னும் 57 வருஷக் காத்திருப்புக்குப் பின் 2021-இல் வென்றது. இவற்றுள் எது சிறிய கழகம், எந்த வருஷத்துக் கணக்கின்படி?

நார்த் மெல்போர்னையே எடுத்துக்கொள்ளுங்கள். 2007-இல் கோல்ட் கோஸ்டுக்குக் குடிபெயருமாறு லீக் நிர்வாகம் பெரும் பொருள் காட்டி அழைத்தபோது, அதன் அங்கத்தினர் 22,000 அளவில்தான் இருந்தார்கள். அவ்வருஷம் டிசம்பரில் கழகம் அந்த அழைப்பை மறுத்துவிட்டது. அடுத்த பருவத்திலேயே தொகை 30,000ஐத் தாண்டியது. இடையில் புதிதாகப் பிறந்த அபிமானிகளா அந்த ஆயிரக்கணக்கானோர்? பெற்றோர் காலத்திலிருந்தே நீலமும் வெள்ளையும் உடுத்தி வளர்ந்தவர்கள்; தங்கள் கழகம் நாளைக்கும் தன் சொந்த இடமான ஆர்டன் தெருவில் இருக்கும் என்ற உறுதி கிடைத்ததும் சந்தாவைக் கட்டினார்கள். தலைக்குமேல் கத்தியைத் தொங்கவிட்டுக்கொண்டே, ஏன் ஜனங்கள் கிட்ட வரவில்லை என்று கேட்பது தர்மமாகாது.

அபிமானத்தை அளக்க உண்மையான தராசு எது என்று என்னைக் கேட்டால், 1989 அக்டோபரில் ஃபுட்ஸ்கிரேயில் நடந்ததைத்தான் சொல்வேன். மெல்போர்னுக்கு மேற்கே, மாரிபிர்னாங் நதிக்கு அப்பால், ஆலைத் தொழிலாளரும் குடியேறிகளும் நிறைந்த பேட்டை அது. இன்று வெஸ்டர்ன் புல்டாக்ஸ் என்று பெயர் பூண்டிருக்கும் அந்த ஊர்க் கழகத்தை ஃபிட்ஸ்ராயோடு இணைக்க முடிவு செய்துவிட்டதாக, பருவம் முடிந்த கையோடு திடீரென்று அறிவித்தார்கள். அதை எதிர்த்து, ஐரீன் சாட்ஃபீல்ட் என்ற சாதாரண அபிமானியின் பெயரால் ஊர் ஜனங்கள் வழக்குத் தொடர்ந்தார்கள். பீட்டர் கார்டன் என்ற இளம் வழக்கறிஞர் முன்னின்று நடத்தினார். பணம் திரட்டக் கிடைத்த தவணை ஏறக்குறைய மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் மேற்குப் பேட்டைகளில் வீட்டுக்கு வீடு கதவைத் தட்டினார்கள். கடைவாசல்களில் தகரக் குவளைகள் குலுங்கின. கழகத்தின் மைதானமான வெஸ்டர்ன் ஓவலில் ஜனத்திரள் கூடிற்று. பத்து லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. செல்வந்தரின் காசோலைகளைவிட, அன்றாடக் கூலியிலிருந்து எடுத்த நாணயமும் நோட்டுமே அந்தப் பேட்டையில் அதிகம் என்பதைச் சொல்லவும் வேண்டுமா? இணைப்பு கைவிடப்பட்டது.

அப்படிப் பிழைத்த கழகம், 1954-க்குப் பின் கோப்பையைக் காணாத கழகம், 2016-இல் ஏழாம் இடத்திலிருந்து இறுதிச் சுற்றுக்குள் நுழைந்து, 99,981 பேர் முன்னிலையில் சிட்னியை வென்றது. வென்ற பயிற்சியாளருக்கு அணிவிக்கும் பதக்கத்துக்கு, காலிங்வுட்டின் நெடுங்காலப் பயிற்சியாளர் ஜாக் மெக்ஹேலின் பெயரை வைத்திருக்கிறார்கள். லூக் பெவரிட்ஜ் அதைக் கழுத்தில் வாங்கிக்கொண்டார். பருவத் தொடக்கத்தில் முழங்காலில் காயம்பட்டு ஆட முடியாமற்போன அணித் தலைவர் பாப் மர்ஃபியை மேடைக்கு அழைத்தார். பதக்கத்தைக் கழற்றி அவர் கழுத்தில் மாட்டினார். 62 வருஷம் காத்திருந்த வயோதிகர்கள் அந்தக் காட்சியைக் கண்டு வாய்விட்டு அழுதார்கள். இணைப்பு நிறைவேறியிருந்தால் அழுவதற்கு அங்கே யார் இருந்திருப்பார்கள்?

மூன்றாவதாக, சிறிய கழகங்கள் பெரியவற்றின் தர்மத்தில் வாழ்கின்றன என்கிறார்கள். இதற்கு நீண்ட பதில் வேண்டியதில்லை. 2025 முதல் ஏழு வருஷத்துக்கு 450 கோடி டாலர் கொடுத்து ஒளிபரப்பு உரிமையை வாங்கியவர்கள், வாரத்துக்கு ஒன்பது ஆட்டங்களை வாங்கியிருக்கிறார்கள். ஒன்பது ஆட்டத்துக்குப் பதினெட்டுக் கழகங்கள் வேண்டும். டாக்லாண்ட்ஸ் அரங்கத்தை லீக் 2016-இல் விலைக்கு வாங்கும்வரை, குறிப்பிட்ட தொகைக்குக் கீழே கூட்டம் வந்த ஆட்டங்களில் இந்தக் கழகங்கள் ஆடிய பிறகு பணம் கட்டிவிட்டு வெளியேறிய கொடுமையும் உண்டு. இன்னொன்றும் கவனியுங்கள்: கோல்ட் கோஸ்ட், கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னி ஆகிய புதிய கழகங்களுக்கு லீக் அளிக்கும் பணம் இவற்றுக்கு அளிப்பதைவிட அதிகம். அங்கே அதற்கு மூலதனம் என்று பெயர். ஆர்டன் தெருவில் மட்டும் அது பிச்சை ஆகிவிடுகிறது.

நான்காவது வாதமே என் மனத்தை மிகவும் உறுத்துவது: கழகம் இடம் மாறினாலும் இணைந்தாலும் அபிமானிகள் கூடவே வருவார்கள் என்பது. சவுத் மெல்போர்ன் 1982-இல் சிட்னிக்குப் போய் வாழவில்லையா என்பார்கள். வாழ்ந்தது, மெய்தான், 2005-இல் 72 வருஷத்துக்குப் பின் கோப்பையும் வென்றது. ஆனால் போய்ச் சேர்ந்து ஏறக்குறைய பத்து வருஷத்துக்குள் அங்கேயும் அது கலைந்துவிடும் நிலைக்கு வந்து, புதிய ஊரின் ஜனங்கள் மெள்ள மெள்ளத் தமதாக்கிக்கொண்ட பிறகே வேர் பிடித்தது. கூட வந்தவர்களால் மட்டும் அது நிலைபெறவில்லை.

ஃபிட்ஸ்ராய் 1897-இல் லீக்கைத் தொடங்கிய எட்டுக் கழகங்களில் ஒன்று. எட்டு முறை கோப்பை வென்றது. 1966-இல் தன் பிரன்ஸ்விக் தெரு மைதானத்தை விட்டு நீங்கியபின், முப்பது வருஷங்களில் நான்கு மைதானங்களில் ஒண்டுக்குடித்தனம் நடத்தியது. வீடில்லாத குடும்பத்துக்கு உறவினர் வருகை குறைவதுபோல அதன் கூட்டமும் தேய்ந்தது. தேய்ந்ததைக் காட்டி, பார்த்தீர்களா ஆதரவே இல்லை என்றார்கள். கடைசியில் பசிபிக் சமுத்திரத்து நவ்ரூ தீவுக்குப் பட்ட கடனைத் தீர்க்க வழியின்றி, 1996-இல் பிரிஸ்பேனோடு இணைக்கப்பட்டது. மெல்போர்னில் அது ஆடிய கடைசி ஆட்டத்துக்கு 48,000 பேருக்கு மேல் வந்தார்கள். எதிரணியான ரிச்மண்டின் அபிமானிகளும் அதில் ஏராளம் என்பதை நான் மறைக்கவில்லை. ஃபிட்ஸ்ராய் 151 புள்ளியில் தோற்றது. இணைந்த கழகம் 2001 முதல் மூன்று வருஷம் தொடர்ந்து கோப்பை வென்றபோது ஆனந்தப்பட்ட பழைய ஃபிட்ஸ்ராய்க்காரரும் உண்டு. அவர்கள் மகிழ்ச்சியில் நான் குறை காணமாட்டேன். ஆனால் வேறு கழகத்துக்குப் போனவர்களும், ஆட்டத்தையே துறந்துவிட்டவர்களும் எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை.

முதலில் சொன்ன மூன்று ‘சிறிய’ கழகங்களில் எது மிகச் சிறியது என்ற ஆராய்ச்சியையும் சிலர் விடுவதில்லை. செயின்ட் கில்டா நூற்றுக்கு மேற்பட்ட வருஷங்களில் 27 முறை கடைசி இடத்தில் நின்றது. கோப்பை வென்றது ஒரே ஒரு முறை, 1966-இல். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் மூச்சடக்கி நிற்க, பாரி பிரீன் அவசரமாக உதைத்த பந்து தள்ளாடிப் போய், கோல் கம்பத்துக்கும் ஓரக் கம்பத்துக்கும் நடுவே நுழைந்து, ஒரே ஒரு புள்ளியைத் தந்தது. அந்த ஒன்றே காலிங்வுட்டை வீழ்த்தியது. 2010-இல் அதே காலிங்வுட்டோடு இறுதி ஆட்டத்தில் சமன் செய்து, மறு ஆட்டத்தில் தோற்றது. வெற்றியைப் பார்த்துச் சேர்ந்தவர்கள் என்று காலிங்வுட்காரரில் சிலரையாவது சந்தேகிக்கலாம். செயின்ட் கில்டாக்காரர் ஒருவரையும் அப்படிச் சந்தேகிக்க முடியாது. அவர்களை எந்தத் தொகையால் வகுத்து எந்த இடத்தில் வைப்பது?

பிரன்ஸ்விக் தெரு மைதானத்தில் பழைய காலத்து மரக் கூடமொன்று இன்னும் நிற்கிறது. 2009 முதல் அங்கே ஃபிட்ஸ்ராய் மறுபடியும் ஆடுகிறது, சம்பளமில்லாத அமெச்சூர் லீக்கில். குளிர்காலத்துச் சனிக்கிழமைகளில் வேலியோரமாகச் சிலர் ஃபிட்ஸ்ராயின் பழைய கழுத்துத்துணியைச் சுற்றிக்கொண்டு நிற்கிறார்கள். நாயைக் கயிற்றில் பிடித்தபடி, பேரக் குழந்தையைத் தோளில் ஏற்றியபடி.