மணிலாவுக்கு வராத கடிதம்

1762 ஜனவரியில் பிரிட்டன் ஸ்பெயின் மீது போர் அறிவித்தது. செப்டம்பரில் சென்னைப் பட்டணத்திலிருந்து போன பிரிட்டிஷ் கப்பல்கள் ஸ்பெயின் ஆண்ட மணிலாவின் விரிகுடாவில் வந்து நின்றன. அப்போதும் அங்கே பொறுப்பு ஆளுநராக இருந்த பேராயர் ரோஹோவுக்குப் போர்ச் செய்தி மாட்ரிட்டிலிருந்து வந்திருக்கவில்லை. எப்படி வரும்? கடிதம் அட்லாண்டிக்கைத் தாண்டி, மெக்சிகோவைத் தரைவழியே கடந்து, அகாபுல்கோவில் ஆண்டுக்கொரு முறை கிளம்பும் கப்பலைப் பிடித்தாக வேண்டும். பேராயர் பாவம், பூசைக்குப் பழகியவர், பீரங்கிக்கு அல்ல. அக்டோபரில் நகரம் விழுந்தது. வேடிக்கை, 1763 பிப்ரவரியில் பாரிஸில் சமாதானக் கையெழுத்துப் போட்டவர்களுக்கு அந்தச் சேதியும் போய்ச் சேரவில்லை. என்னைக் கேட்டால், இவ்வளவு தூரத்திலிருந்து ஆண்டது ஆட்சியே அல்ல. தபாலுக்குக் காத்திருந்த பெருமிதம். ஒப்பந்தத்தில் பெயரே இல்லாத மணிலாவை 1764-இல்தான் ஆங்கிலேயர் திருப்பிக் கொடுத்தார்கள்.