பழைய மெஷினுக்கும் காது குடுங்க

"மெஷின் செத்துப்போச்சு, வித்துரு." எங்கட வண்ணாத்திவில்லுல பழைய செயின்சோ ஸ்டார்ட் ஆகாட்டி முதல்ல வாற தீர்ப்பு இதுதான். காற்றில் விழுந்த தென்னை பாதையை மறித்துக் கிடந்த அன்றும் பக்கத்து வீட்டு நானா அதையேதான் சொன்னார். பிளக்கைக் கழற்றிப் பார்த்தா, நல்லா நனைஞ்சிருந்தது.

சோக் போட்டு இழுக்கையில் மெஷின் ஒருக்கா இருமும். உடனே சோக்கைத் திறக்க வேணும். அந்த இருமலைக் கவனிக்காமல் இழுத்துக்கொண்டே இருந்தால் பெற்றோல் நிரம்பிவிடும். சுவிட்சை நிறுத்தி, பிளக்கைக் கழற்றித் துடைத்து, சோக்கைத் திறந்து சில தரம் வெறுமனே இழுத்தால் மிச்சப் பெற்றோல் வெளியேறும். பிளக் காய்ந்திருந்தால் கதை வேறு: பெற்றோல் வரவில்லை. ஃபில்டர், குழாய், காபரேட்டருக்குள் இறுகிப்போன டயப்ரம் என்று வரிசையாப் பாருங்க. மாதக்கணக்கில் டேங்கில் கிடந்த கலவையையும் மாத்துங்க.

அன்று அரை மணித்தியாலத்தில் பாதை திறந்தது.

2019-இல் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, காடழிப்பைத் தடுக்க செயின்சோ இறக்குமதியை நிறுத்துவதாக அறிவித்தார். வில்பத்து ஓரத்துல இருக்கிற எங்களுக்கு அந்தக் கவலை நியாயமாத்தான் படுது. ஆனா புதுசு வேணாமெண்டா, இருக்கிறதைப் பேணத் தெரிஞ்சிருக்கணும். அதுக்குப் பொறியியல் பீடம் போகத் தேவையில்ல. மெஷினை நிலத்துல வச்சு, செயின் பிரேக்கைப் போட்டு, கொஞ்சம் காது குடுத்தாப் போதும்.