தருமிக்கு உண்டு, நந்தனுக்கு இல்லை

'திருவிளையாடல்' (1965) படத்தில் நாகேஷ் நடித்த தருமியைப் பார்த்து இன்னிக்கும் சிரிக்கிறோம். பாட்டு எழுதத் தெரியாத புலவன். புராணத்தில் அவன் ஆதிசைவப் பார்ப்பான். சிவனே எழுதிக் கொடுத்து, சபைக்கும் வந்து நக்கீரனோடு மல்லுக்கு நிற்கிறான்.

காஞ்சிபுரத்திலும் இதே கதைதான். குமரகோட்டத்து அர்ச்சகர் கச்சியப்பர் எழுதிய கந்தபுராணத்தை முருகனே ராத்திரியில் திருத்தினானாம். அரங்கேற்றத்தில் இலக்கணப் பிழை என்று ஒருவர் கிளப்ப, வீரசோழியத்தைக் காட்டி வாயடைத்தவனும் அவன்தானாம். நந்தனுக்கு என்ன கிடைத்தது? நெருப்பு.

சேரிக்காரன் எழுதினால் ரத்தமும் கண்ணீரும்தான் வேணும் என்கிறான் விமர்சகன். ஏன் தோழர், நம்மாள் அசடாக இருக்கக் கூடாதா? பாமாவின் 'கிசும்புக்காரன்' (1996) கதைகளில் நம்ம சனங்கள் மேல்சாதியை நையாண்டி பண்ணினார்கள். நாவலிலும் வரட்டும்: நாற்பத்தைந்து வயசில் கூலித்தறியில் உட்கார்ந்து காதல் கவிதை கட்டுகிறவன், கவியரங்கில் மைக்கைப் பிடித்தால் விடாதவன். எதுகை இடிக்கும். திருத்த எந்தச் சாமியும் வராது, இடிக்கட்டும்.