தேயிலையில் பிறந்தாலும் கேள்வி கேட்போம்!

குந்தா மலைச்சரிவில் பறிக்கும் தேயிலை தேநீருக்கு மட்டும்தானா? 2018-இல் பிரிட்டனின் ஸ்வான்சீ பல்கலைக்கழகத்தாரும் தமிழ்நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து, தேயிலைச் சாற்றின் உதவியால் சில நானோமீட்டர் அளவே உள்ள துகள்களைத் தயாரித்தனர். ஆய்வுக்கூடத்தில் வளர்த்த நுரையீரல் புற்றுச் செல்களின் வளர்ச்சியை அவை 80 சதவீதம் வரை தடுத்தன. உடனே, "தேயிலை புற்றுநோயைத் தீர்க்கும்" என்று முடிவு கட்டிவிடலாமா?

கூடாது. அத்துகள்கள் காட்மியம் சல்பைடால் ஆனவை. காட்மியமோ சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சு. மேலும், தட்டில் செல் இறப்பது வேறு. கல்லீரலும் சிறுநீரகமும் உள்ள உடம்பில் நடப்பது வேறு.

அப்படியானால் காட்மியத்துக்குப் பதில் கார்பனைப் பயன்படுத்தலாமே, அது நம் உடம்பிலேயே இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி! தேயிலையிலிருந்தே கார்பன் துகள்களையும் தயாரிக்கிறார்கள். ஆனால், தனிமத்தின் பெயரை மட்டும் பார்த்து நம்பிவிடலாகாது. அதன் வடிவமும் அளவும் முக்கியம்.

1991-இல் ஜப்பானிய அறிஞர் இஜிமா விவரித்த கார்பன் நானோ குழாய்களையே எடுத்துக்கொள்வோம். 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், எலிகளின் வயிற்றுக் குழிக்குள் செலுத்திய நீண்ட குழாய்கள் அஸ்பெஸ்டாஸ் இழையைப் போலவே அழற்சியை உண்டாக்கின. குட்டையானவையும் சுருண்டவையும் அவ்வாறு செய்யவில்லை. காரணம் என்ன? அயற்பொருளை விழுங்கி அகற்றும் செல்கள் நம் உடம்பில் உள்ளன. தம்மைவிட நீண்ட இழையை அவை எப்படி விழுங்கும்? பாதி விழுங்கித் திண்டாடும். அந்தத் திண்டாட்டமே அழற்சியாகிறது. 2014-இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் இத்தகைய குழாய்களில் ஒரு வகையை, "மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடும்" என்ற பிரிவில் சேர்த்தது.

மறுபக்கமும் உண்டு. சில வெள்ளணுக்களிலுள்ள ஒரு நொதி நானோ குழாய்களைச் சிதைக்கும் என்று 2010-இல் கண்டறிந்தனர். ஆகவே, கார்பன் மருந்தே வேண்டாம் என்பது என் கருத்தன்று. மூன்று கேள்விகளுக்கு விடை கிடைத்த பிறகே அது நோயாளியிடம் வர வேண்டும் என்பதே என் கருத்து. துகளின் நீளம் என்ன? உடம்பில் எத்தனை நாள் தங்கும்? எவ்வழியாக வெளியேறும்?

அஸ்பெஸ்டாஸ் தரும் நோய் பல ஆண்டுகள் கழித்தே தலைகாட்டும். அதற்குள் அதன் தகடுகள் எத்தனையோ கூரைகளில் ஏறிவிட்டன. அந்தப் பாடத்தை இன்னொரு முறை, அதுவும் நம் உடம்புக்குள்ளேயே, கற்க வேண்டுமா? நாளைய விஞ்ஞானிகளாகிய நீங்களே சொல்லுங்கள்!