துருவேறா எஃகும் கடல் நீரும்

இல்லங்களில் ‘எவர்சில்வர்’ என வழங்கும் உலோகம், பாத்திரமாக இருக்குமளவும் தன் பெயருக்கேற்ப நடந்துகொள்கிறது. அதுவே கடல் நீரைச் சுமக்கும் குழாயாகும்போது நிலைமை வேறாகிவிடுகிறது. பளபளப்புக் குன்றாத குழாயொன்று சில திங்களிலேயே ஊசித்துளை விட்டு ஒழுகுவதுண்டு. அப்பொழுது பழி உலோகத்தின் மீது சுமத்தப்படுகிறது. ஆனால் குறை பெரும்பாலும், எஃகின் வகையைக் குறிப்பிடாமல் ‘துருவேறா எஃகு’ என்று மட்டும் எழுதிக் கொள்முதல் செய்யும் வழக்கத்திலேயே இருக்கிறது.

1913-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி குரோமியம் கலந்த இத்தகைய எஃகை உருக்கினார். குரோமியம் ஏறத்தாழ 10.5 விழுக்காட்டிற்குக் குறையாதிருப்பின், எஃகின் மேல் குரோமிய ஆக்சைடுப் படலம் தானே உண்டாகிறது. அதன் தடிப்பு, ஒரு மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் சில பங்கே. கீறல் விழுந்தாலும், ஆக்சிஜன் கிடைக்குமிடத்தில் படலம் மீண்டும் மூடிக்கொள்ளும்.

கடல் நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 19 கிராம் குளோரைடு உள்ளது. இக்குளோரைடு படலத்தை ஆங்காங்கே உடைக்கிறது. உடைந்த இடத்தில் தோன்றும் குழிக்குள் நீர் அமிலமாகிறது. குளோரைடு மேலும் அங்கே திரள்கிறது. குழி ஆழமாகிக்கொண்டே செல்கிறது. சாதாரண இரும்பு எங்கும் துருப்பிடித்து முன்னெச்சரிக்கை தருகிறது. இங்கோ எடை இழப்பு மிகச் சொற்பம். ஆயினும் குழாய்ச் சுவர் துளைபட்டுவிடுகிறது. இணைப்புத் தட்டுகளின் இடுக்கு, சிப்பிகள் ஒட்டிய இடம், நீர் தேங்கும் வளைவு ஆகியவை ஆக்சிஜன் எளிதிற் புகாத இடங்களாதலின், கேடு பெரும்பாலும் அங்கேயே தொடங்குகிறது. நீரின் வெப்பம் மிகுந்தால் தாக்குதலும் மிகும். ஆகவே, குளிர்ந்த கடல்களிற் பெற்ற அனுபவத்தை இந்தியக் கரைகளுக்கு அப்படியே கொள்ளுதல் தகாது.

எஃகின் எதிர்ப்பாற்றலை அளவிட எளிய கணக்கொன்று உண்டு. குரோமிய விழுக்காட்டுடன், மாலிப்டின விழுக்காட்டின் 3.3 மடங்கையும் நைட்ரஜன் விழுக்காட்டின் 16 மடங்கையும் கூட்ட வேண்டும். 304 என்னும் வகைக்குத் தொகை 19 அளவிலும், மாலிப்டினம் கலந்த 316-க்கு 24 அளவிலும் நிற்கும். கடல் நீருக்கு 40-ஐ எட்டுவதே தக்கதெனக் கருதப்படுகிறது.

அத்தகைய எஃகு விலைமிக்கது என்னும் மறுப்பு நியாயமானதே. ஆனால் எல்லாவிடத்தும் அது வேண்டும் என்று எவரும் கூறவில்லை. அழுத்தம் குறைந்த பகுதிகளுக்குப் பிளாஸ்டிக் குழாய் போதும். செம்பு-நிக்கல் கலவையும் பல இடங்களில் நன்கு உழைக்கிறது. உயர்ந்த அழுத்தம் தாங்க வேண்டிய இடத்திலேயே உயர்தர எஃகு இன்றியமையாதது. விலை குறைவென்று அங்கே 304-ஐப் பொருத்துவது சிக்கனமாகாது.

களப் பணியாளர் சிலவற்றைக் கடைப்பிடித்தல் நலம். காந்தத்தை வைத்துத் தரம் பார்க்கும் வழக்கம் கைவிடப்பட வேண்டும். 304, 316 இரண்டையும் காந்தம் பொதுவாக ஈர்ப்பதில்லை. கடல் நீருக்கேற்ற இருகட்ட எஃகையோ அது ஈர்க்கும். அச்சோதனையை நம்புபவர் நல்லதைத் தள்ளி அல்லதைக் கொள்வர். மாலிப்டினத்தைக் காட்டும் துளிச் சோதனையே பயன்படும். அழுத்தச் சோதனைக்கு உப்பு நீரைப் பயன்படுத்த நேரிடின், உடனே வடித்து, நன்னீரால் கழுவி, உலர்த்த வேண்டும். நிலையம் இயங்காத காலத்தில் குழாயில் கடல் நீரைத் தேங்க விடலாகாது.

ஆசிரியர்க்கும் இதில் பங்குண்டு. துருவேறா எஃகுத் தகட்டின்மேல் ரப்பர் வளையத்தை இறுக மாட்டிக் கடல் நீரில் நெடுநாள் இட்டு வைத்தால், வளையத்தின் அடியில் உலோகம் அரிக்கப்படுவதை மாணவர் கண்கூடாகக் காணலாம். ‘துருவேறாது’ என்னும் சொல்லுக்கு ‘எந்நீரில், எவ்வெப்பத்தில், எவ்வளவு காலம்’ என்னும் வினாக்களைச் சேர்த்துக் கற்பித்தலே முறையாகும். அவ்வாறு பயின்றவர் நாளை கொள்முதல் தாளில் கையொப்பமிடும்போது, வகை எண் இல்லாத தாளைத் திருப்பி அனுப்புவர்.